பேட்டில்ஸ்டார் கேலக்டிகா: முதல் சீசனுக்குள் நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஊரே புகழ்கிறதே என்று ஆசையாக உட்கார்ந்து, ஒரு எபிசோடு பார்த்துவிட்டு, "யார் யாரென்றே புரியவில்லை" என்று எழுந்து போனவர்கள் நிறைய. பெரும்பாலும் தப்பு அவர்கள் மேல் இல்லை. முதல் எபிசோடு என்று திரையில் காட்டப்படுவது உண்மையில் கதையின் தொடக்கமே கிடையாது. அதற்கு முன்னால் மூன்று மணி நேரக் கதை இருக்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பெயர். அதிலும் ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பாள்.

இந்தக் குழப்பங்களில் எல்லாம் முட்டி மோதித்தான் நானும் உள்ளே போனேன். நீங்களும் முட்ட வேண்டாம் என்பதற்காக இது. முதல் சீசன் முடியும் வரைக்கும் மட்டுமே வழி சொல்கிறேன். பெரிய திருப்பங்களை உடைக்கவில்லை. கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும் விஷயங்களையும், எபிசோடுகளின் மேலோட்டமான சங்கதிகளையும்தான் தொட்டிருக்கிறேன்.

1. முதலில் ஆண்டைப் பாருங்கள்

இதே பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. ஒன்று 1978இல் வந்தது, மற்றது 2003இல் புதிதாக எடுக்கப்பட்டது. ஊர் புகழ்வது இரண்டாவதை. தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும், படத்திலும் அதே விண்கலம் மாதிரிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் நடிகர் பட்டியலைப் பாருங்கள். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், மேரி மெக்டானல் என்று இருந்தால் சரியான தொடர். லார்ன் கிரீன் என்று இருந்தால் பழையது.

பழையதைப் பார்த்துவிட்டுத்தான் புதியதுக்கு வர வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பெயர்களும் அடிப்படைக் கருவும் மட்டும்தான் பொது.

2. மினி தொடரைத் தேடிப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2003 டிசம்பரில் இரண்டு பகுதிகளாக ஒரு மினி தொடர் ஒளிபரப்பானது. மொத்தம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். உலகம் அழிவது, கப்பல்கள் தப்பிப்பது, யார் யாருக்கு என்ன பகை, யார் எந்தப் பதவிக்கு எப்படி வந்தார்கள் என்பதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. அது நன்றாகப் போனதால்தான் வாராந்தரத் தொடரே வந்தது. முதல் சீசன் 2004 அக்டோபரில் பிரிட்டனிலும், 2005 ஜனவரியில் அமெரிக்காவிலும் தொடங்கியது. அதனால் சீசன் ஒன்று, எபிசோடு ஒன்று என்று அழுத்தினால் நேராக நடுக்கதையில் போய் விழுவீர்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்த மினி தொடரை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக ஒளித்து வைத்திருப்பார்கள். நான் பணம் கட்டிய ஒரு சேவையில் அது தொடரின் பக்கத்திலேயே இல்லை. திரைப்படங்கள் பிரிவில் தனியாகக் கிடந்தது. வாடிக்கையாளர் உதவிக்கு எழுதிக் கேட்டதற்கு, "சீசன் ஒன்றிலிருந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. சரி, நாமே தேட வேண்டியதுதான். பொதுவாக இந்த நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்:

- சீசன் ஒன்றின் முதல் இரண்டு எபிசோடுகளாக
- "சீசன் 0" அல்லது "சிறப்பு எபிசோடுகள்" என்ற தலைப்பின் கீழே
- தனித் தொடராக, இரண்டு பகுதிகளோடு
- மூன்று மணி நேரப் படமாக, திரைப்படப் பிரிவில்

சரியானதைத் திறந்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. விண்வெளியில் தனியாக ஒரு நிலையம். வயதான அதிகாரி ஒருவர் ஒரு பெரிய மேசைக்கு முன்னால் காகிதங்களோடு காத்திருக்கிறார். எதிர்த்தரப்பிலிருந்து பல ஆண்டுகளாக யாருமே வந்ததில்லை. அன்றைக்குக் கதவு திறக்கிறது. இந்தக் காட்சியோடு தொடங்கினால் சரியான இடம். தூக்கமில்லாத முகங்களும் ஓடும் கடிகாரமுமாகத் தொடங்கினால், அது "33" என்ற எபிசோடு. உடனே நிறுத்திவிட்டு மினி தொடரைத் தேடுங்கள்.

3. நேரமும் செலவும்

ஓர் எபிசோடு சுமார் 43 நிமிடம். முதல் சீசனில் 13 எபிசோடுகள், அதாவது ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மினி தொடரையும் சேர்த்தால் பன்னிரண்டரை மணி வரும். நான்கு சீசன்களையும் முழுதாகப் பார்த்து முடிக்க 55 மணி நேரம் போல ஆகும்.

இந்தக் கணக்கு செலவுக்கு உதவும். மாதச் சந்தாவில் பார்ப்பவராக இருந்தால், தினம் ஒரு எபிசோடு என்ற வேகத்தில் மினி தொடரும் முதல் சீசனும் ஒரே மாதத்துக்குள் சுகமாக முடிந்துவிடும். முழுத் தொடருக்கும் இரண்டரை மாதம் பிடிக்கும். ஆண்டுச் சந்தா இதற்காக மட்டும் தேவையில்லை. இன்னொன்று, இந்தத் தொடரின் உரிமை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் நண்பர் பார்த்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன்பு, உங்கள் நாட்டில், அன்றைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய பிறகு மினி தொடர் மட்டும் இல்லை என்று தெரிந்தால் எரிச்சலாக வரும்.

வட்டு வாங்குபவர்களுக்குப் பொறிகள் இன்னும் அதிகம். சில முதல் சீசன் பெட்டிகளில் மினி தொடர் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் எபிசோடு பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். டிவிடியில் பிராந்தியக் குறியீடு உண்டு. வேறு நாட்டில் வாங்கிய வட்டு உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். அப்புறம், அமெரிக்க டிவிடிகளில் இரண்டாம் சீசனை 2.0, 2.5 என்றும், நான்காவதை 4.0, 4.5 என்றும் பாதிப் பாதியாக விற்றார்கள். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று 2.5ஐ மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது பின்பாதி.

முழுத்தொகுப்பை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மினி தொடரும் முதல் மூன்று எபிசோடுகளும் பார்த்தால், இது உங்களுக்கான தொடரா என்று தெரிந்துவிடும்.

4. கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தத் தொடரில் விமானிகளுக்கு இயற்பெயர் ஒன்று, வானொலியில் கூப்பிடும் அழைப்புப் பெயர் ஒன்று. சண்டை நடக்கும்போது அழைப்புப் பெயர், சாப்பாட்டு மேசையில் இயற்பெயர், கோபம் வந்தால் பதவிப் பெயர். கீழே இருப்பவர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் போதும். நாலு எபிசோடுக்கு அப்புறம் தாளே தேவைப்படாது.

வில்லியம் அடாமா. கேலக்டிகா என்ற போர்க்கப்பலின் கமாண்டர். கப்பலுக்கு வயதாகிவிட்டது, அதை அருங்காட்சியகமாக மாற்றப் போகிறார்கள், அவருக்கும் ஓய்வு. கப்பலில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அந்தப் பழங்கால முரட்டுப் பிடிவாதம்தான் கப்பலைக் காப்பாற்றுகிறது. கப்பலுக்குள் எல்லோரும் கம்பி வைத்த தொலைபேசியில் பேசுவது ஏன் என்று யோசித்தால் விடை இதுதான்.

லாரா ரோஸ்லின். கல்வி அமைச்சர். பதவி வரிசையில் 43ஆவது இடத்தில் இருந்தவர். முன்னால் இருந்தவர்கள் யாரும் மிஞ்சாததால் ஜனாதிபதி ஆகிறார். அன்று காலையில்தான் தனக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லக் கேட்டிருக்கிறார். அடாமாவுக்கும் இவருக்கும் நடக்கும் இழுபறிதான் முதல் சீசனின் முதுகெலும்பு. ராணுவம் சொல்வது நடக்குமா, மக்களாட்சி சொல்வது நடக்குமா என்ற சண்டை. எந்தக் காட்சியில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் கவனித்து வந்தாலே பாதிக் கதை பிடிபட்டுவிடும்.

லீ அடாமா, அழைப்புப் பெயர் அப்பல்லோ. கமாண்டரின் மகன். அப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. இடையில் ஸாக் என்று ஒரு பெயர் அடிபடும். அது இறந்துபோன தம்பி. அந்தப் பெயர் வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

காரா திரேஸ், அழைப்புப் பெயர் ஸ்டார்பக். கப்பலின் மிகச் சிறந்த விமானி. வாய்த்துடுக்கு, சுருட்டு, சீட்டாட்டம், மேலதிகாரியையே அடிக்கிற கை. கேட்டி சாக்கஃப் நடித்திருக்கிறார்.

சால் டை. துணைத் தளபதி. குடிகாரர். அடாமாவின் பழைய நண்பர். முதலில் எரிச்சலாக வரும், கொஞ்சம் பொறுங்கள்.

கயஸ் பால்டர். விஞ்ஞானி, மேதை, கோழை. உலகம் அழிந்ததில் இவருக்கும் பங்கு உண்டு, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறார். ஜேம்ஸ் காலிஸ் இந்த வேடத்தில் பயத்தையும் நகைச்சுவையையும் கலந்து கொடுப்பதற்காகவே தொடரைப் பார்க்கலாம்.

சிக்ஸ். பால்டரின் தலைக்குள் வாழும் பெண், அதிகமும் சிவப்பு உடையில். வேறு யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள். டிரிஷியா ஹெல்ஃபர்.

ஷாரன் வலேரி, அழைப்புப் பெயர் பூமர். ராப்டர் என்ற கலத்தின் விமானி. இவளைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கார்ல் அகத்தான், அழைப்புப் பெயர் ஹீலோ. ஷாரனோடு ராப்டரில் பறக்கும் சக வீரன், மினி தொடரில் அழிந்த கிரகத்திலேயே தங்கிவிடுபவன். கேலன் டைரல், எல்லோரும் "சீஃப்" என்று கூப்பிடும் தளத் தலைவர், விமானங்களைப் பராமரிப்பவர். கேட்டா, டுவாலா இருவரும் கட்டுப்பாட்டு அறையில். பில்லி, ஜனாதிபதியின் இளம் உதவியாளர். டாக்டர் காட்டில், நோயாளி முன்னாலேயே சிகரெட் பிடிக்கும் மருத்துவர். இவர்களை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, முகம் தானாகப் பழகிவிடும்.

5. காதுக்குப் பழக வேண்டிய சொற்கள்

ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாக வருபவர்களும் போட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் சண்டைக் காட்சிகளில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அடிக்கடி வரும் சில சொற்கள்:

சைலான் என்பது எதிரி, மனிதர்கள் செய்த இயந்திர இனம். "டோஸ்டர்" என்று இளக்காரமாகச் சொன்னாலும் அவர்களைத்தான். வைப்பர் என்பது ஒருவர் மட்டும் ஓட்டும் சண்டைக் கலம். ராப்டர் அதைவிடப் பெரிய வேவுக் கலம். டிராடிஸ் என்றால் ரேடார் போன்ற கருவி. சிஐசி கட்டுப்பாட்டு அறை. எக்ஸ்ஓ துணைத் தளபதி. கேக் என்று காதில் விழுந்தால் தின்பண்டம் அல்ல, விமானப் பிரிவின் தலைவர். ஜம்ப் என்பது ஒளியைவிட வேகமாக ஒரே தாவலில் இடம் மாறுவது. டைலியம் எரிபொருள். கலோனியல் ஒன் ஜனாதிபதியின் கப்பல். "ஃப்ராக்" என்பது வசைச்சொல், எதற்குப் பதில் என்று நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

கிரகங்களின் பெயர்கள் பன்னிரண்டு ராசிகளிலிருந்து எடுத்தவை. காப்ரிகா மகரம், ஸ்கார்ப்பியா விருச்சிகம், லிப்ரன் துலாம். முதல் சீசனுக்குக் காப்ரிகாவை மட்டும் தெரிந்தால் போதும். மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், சைலான்கள் ஒரே கடவுள் என்பவர்கள். இதைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால், சிக்ஸ் ஏன் எதற்கெடுத்தாலும் கடவுளைப் பேசுகிறாள் என்பது உறுத்தாது.

6. மினி தொடரைப் பார்க்கும் நாள்

ஒரே உட்காரலில் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முதல் பகுதி முடிந்ததும் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். தொடக்கம் நிதானமாகத்தான் போகும். ஓய்வு விழா, சுற்றுலா வழிகாட்டி, அப்பா மகன் மனஸ்தாபம் என்று நகரும். இங்கேதான் பலர் கைப்பேசியை எடுத்து நோண்டத் தொடங்குகிறார்கள். எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் சொல்லிவிட்டுப் போகும் சின்ன விஷயங்களைத்தான் சீசன் முழுக்கச் செலவழிப்பார்கள்.

படம் புள்ளி புள்ளியாக, கேமரா ஆடிக்கொண்டே, திடீரென்று பக்கத்தில் இழுத்துக் காட்டும். உங்கள் டிவியிலோ இணையத்திலோ கோளாறு இல்லை, அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். போர்க்களத்தில் செய்தியாளர் கேமராவோடு ஓடுவது போல இருக்க வேண்டும் என்பது எண்ணம். விண்வெளிச் சண்டையில் சத்தம் அமுங்கிக் கேட்பதும் அப்படியே. ஒலியைக் கூட்டாதீர்கள், அடுத்த காட்சியில் காது கிழிந்துவிடும்.

காகிதங்களைக் கவனியுங்கள். கோப்பு, புத்தகம், வரைபடம், புகைப்படம், எதை எடுத்தாலும் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டு எட்டு மூலையாக இருக்கும். யாரும் அதை விளக்க மாட்டார்கள். இது நம் உலகம் இல்லை என்று சொல்வதற்கு அவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காப்ரிகாவின் சந்தை போன்ற ஓர் இடத்தில், கைக்குழந்தை ஒன்றோடு சிக்ஸ் வரும் காட்சி மினி தொடரில் இருக்கிறது. மனதை உலுக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர் இது இல்லை. படுக்கையறைக் காட்சிகளும் வரும்.

7. "33"ஐத் தனியாகப் பாருங்கள்

மினி தொடர் முடிந்ததும் அதே சூட்டில் இதையும் போட்டுவிடத் தோன்றும். ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அசதியோடு பார்த்தால் எபிசோடின் அசதி உங்கள் அசதியில் கலந்துவிடும்.

கரு எளிது. சைலான்கள் ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் ஒருமுறை வந்து நிற்கிறார்கள். தப்பித்துத் தாவினால் அடுத்த 33ஆவது நிமிடத்தில் மறுபடி. ஐந்து நாளுக்கு மேலாக யாரும் தூங்கவில்லை. விமானிகள் ஊக்க மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறிய ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பலைப் பற்றி முடிவெடுக்க வேண்டி வருகிறது. முடிவைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அடாமா, ரோஸ்லின், லீ மூவரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கும் விதத்தில் அது இருந்துகொண்டே இருக்கும்.

ரோஸ்லினின் கப்பலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. உயிரோடு மிஞ்சியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கையால் எழுதி, அழித்து, திருத்தி எழுதுவார்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம். பலகை வரும்போது எண்ணைப் படியுங்கள். பிந்தைய சீசன்களில் இந்த எண் தொடக்கத் தலைப்பிலேயே வரும், நீங்களும் உங்களை அறியாமல் பழைய எண்ணோடு கழித்துப் பார்ப்பீர்கள்.

இந்த எபிசோடுக்கு 2005இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. விருதை விடுங்கள், இது பிடிக்கவில்லை என்றால் மீதியும் பிடிக்க வாய்ப்பு குறைவு. இங்கேயே நிறுத்திவிட்டால் உங்கள் நேரமாவது மிஞ்சும்.

8. ஷாரன் இரண்டு இடத்தில் இருப்பது எப்படி?

"33"இலிருந்து கதை இரண்டு தடங்களில் போகும். ஒன்று விண்வெளியில் கேலக்டிகா. மற்றது அழிந்துபோன காப்ரிகாவில் ஹீலோ. இரண்டிலும் ஷாரன் இருப்பாள். ஒரே நேரத்தில்.

இது பழைய நினைவுக் காட்சி அல்ல. படத்தொகுப்பில் நடந்த தவறும் அல்ல. இரண்டுமே அந்த நேரத்தில் நடப்பவைதான். மினி தொடரின் கடைசி நிமிடத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று உடனே புரியும். மினி தொடரைத் தாண்டிக் குதித்தவர்கள் தொடரை விட்டு ஓடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காப்ரிகா காட்சிகள் முதல் சில எபிசோடுகளில் மெதுவாக, மழையில் நனைந்தபடி நகரும். ஓட்டிவிடாதீர்கள், சீசன் முடிவில் இரண்டு தடமும் பின்னிக்கொள்ளும்.

சிக்ஸ் விஷயமும் இப்படித்தான். பால்டர் ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டு காற்றோடு பேசுவார், அடுத்த நொடியே ஏரிக்கரையில் உள்ள தன் பழைய வீட்டில் இருப்பார். அவர் எங்கும் போகவில்லை, எல்லாம் மனதுக்குள். அவள் மனப்பிரமையா, மூளைக்குள் பொருத்திய கருவியா, வேறு ஏதாவதா என்று பால்டருக்கே தெரியாது. முதல் சீசனில் விடை தேடாதீர்கள்.

9. மற்ற எபிசோடுகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

வரிசையை மாற்ற வேண்டாம், எண் வரிசைதான் சரியான வரிசை. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பது மட்டும்தான் கேள்வி.

2, 3: "வாட்டர்", "பாஸ்டீல் டே". தண்ணீர்த் தட்டுப்பாடு, அதைத் தொடர்ந்து கைதிகள் கப்பலில் கலகம். இரண்டாவதில் வரும் டாம் ஸாரெக் என்ற கைதியாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், 1978 தொடரில் அப்பல்லோவாக நடித்தவர். புதிய அப்பல்லோவும் பழைய அப்பல்லோவும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுவதைப் பார்க்கப் பழைய ரசிகர்களுக்கு ஒரு தனிக் குஷி.

4, 5: "ஆக்ட் ஆஃப் கன்ட்ரிஷன்", "யூ கான்ட் கோ ஹோம் அகெய்ன்". இரண்டும் சேர்ந்து ஒரே கதை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் சேர்த்தே பாருங்கள். ஸாக் பெயரை ஏன் கவனிக்கச் சொன்னேன் என்பது இங்கே தெரியும்.

6, 7: "லிட்மஸ்", "சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் செபரேஷன்". முதலாவது விசாரணைக் கதை. இரண்டாவதில் பால்டர் வசமாக மாட்டிக்கொண்டு முழி பிதுங்குவார்.

8: "ஃப்ளெஷ் அண்ட் போன்". ஒரு சைலான் கைதியை ஸ்டார்பக் விசாரிக்கிறாள். பெரும்பகுதி ஒரே அறை, ஒரு மேசை, ஒரு வாளித் தண்ணீர். சித்திரவதை வருவதால் சாப்பிடும்போது பார்க்க வேண்டாம். முதல் சீசனில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

9: "டை மீ அப், டை மீ டவுன்". சால் டையின் மனைவி எல்லன் வருகிறாள். நகைச்சுவை எபிசோடு, ஓல்மோஸே இயக்கியது. முந்தையதன் கனத்துக்குப் பிறகு இது வேறு ஏதோ தொடர் மாதிரித் தெரியும். பிடிக்காவிட்டாலும் தாண்டாதீர்கள், எல்லன் முக்கியமான ஆள்.

10: "தி ஹேண்ட் ஆஃப் காட்". எரிபொருளுக்காக ஒரு படையெடுப்பு. சண்டைப் பிரியர்களுக்கு விருந்து.

11: "கலோனியல் டே". அரசியல், தேர்தல், பேரம். துப்பாக்கிச் சத்தம் குறைவு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

12, 13: "கோபோல்ஸ் லாஸ்ட் க்ளீமிங்", இரண்டு பகுதி. இதற்கு அடியில் ஒரு தனிக் குறிப்பு வைத்திருக்கிறேன்.

10. கதையை உடைக்கும் பொறிகள்

முதல் பொறி தொடருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத் தலைப்பு இசையும் மேளத்தோடு உச்சத்துக்குப் போகும்போது, அன்றைய எபிசோடிலிருந்தே துண்டு துண்டாகக் காட்சிகள் மின்னி மறையும். யார் துப்பாக்கி பிடிக்கிறார், யார் கீழே விழுகிறார் என்று எல்லாமே அதில் தெரிந்துவிடும். மேளம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது சில நொடிகள் தள்ளிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வரும் பாட்டைத் தவறவிட வேண்டாம். உற்றுக் கேட்டால் காயத்ரி மந்திரம்! ரிச்சர்ட் கிப்ஸ் அமைத்த இசை. சில பதிப்புகளில் முதல் சீசனுக்கு வேறு இசை இருக்கும், கேட்கவில்லை என்றால் அதுதான் காரணம்.

இரண்டாவது பொறி தேடுபொறி. பாத்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்து முடிக்கும் முன்பே, "இவர் சைலானா?" என்று பெட்டி தானாக நிரப்பிக் காட்டும். மனித உருவில் சைலான்கள் இருக்கிறார்கள், மொத்தம் பன்னிரண்டு மாதிரிகள் என்பது மினி தொடரிலேயே வந்துவிடும். யார் யார் என்பதுதான் தொடர் முழுக்க ஓடும் மர்மம். நடிகர் யாரென்று பார்க்க நினைத்தால்கூட எபிசோடு முடிவில் வரும் பெயர்களைப் பாருங்கள். வெளியே தேடாதீர்கள்.

மூன்றாவது, பக்கத்திலேயே காட்டப்படும் மற்ற படைப்புகள். "காப்ரிகா" என்ற தொடர் கதைப்படி முன்னால் நடப்பது. அதனால் அதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது 2010இல், மூலத் தொடர் முடிந்த பிறகு வந்தது. "ரேஸர்" என்ற 2007 படத்தை இரண்டாம் சீசனைத் தாண்டும் வரை தொடவே வேண்டாம். "தி பிளான்" முழுத் தொடரும் முடிந்த பிறகு. இந்த மூன்றும் சில சேவைகளில் சீசன் ஒன்றுக்கு மேலேயே அடுக்கியிருக்கும், கை தவறி அழுத்திவிடக் கூடாது.

தயாரிப்பாளர் ரொனால்ட் டி. மூர் எபிசோடுகளுக்குப் பேசிய ஒலிக்குறிப்புகளும் கிடைக்கின்றன. அருமையானவை, ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது கேளுங்கள்.

11. சீசன் முடிவுக்கு முன்பு செய்ய வேண்டியது

"கோபோல்ஸ் லாஸ்ட் க்ளீமிங்" இரண்டு பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். முதல் பகுதியின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் பேச்சு அதிகமில்லாமல், இசையோடு மட்டும், ஐந்தாறு பேரின் வாழ்க்கையை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். அடுத்து வெடிக்கப் போகும் அத்தனை பிரச்சினைகளும் அதற்குள் இருக்கின்றன.

இரண்டாம் பகுதி பாதி வாக்கியத்தில் அறுந்தது போல நிற்கும். 2005இல் பார்த்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தத் தண்டனை தேவையில்லை. உட்காருவதற்கு முன்பே இரண்டாம் சீசனின் முதல் எபிசோடான "ஸ்கேட்டர்ட்" கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா அன்றைக்கு முடிகிறதா, வட்டு வந்துவிட்டதா, தரவிறக்கம் ஆகிவிட்டதா என்று எல்லாவற்றையும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குவதாக இருந்தால், மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய வேலை ஏதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.